இரட்டை அட்டைக் கணினியில் குறை காணும் முறை



கணினி விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் பலர், “காலமும் வீண், காசும் வீண்” என்று ஒரே மூச்சில் தீர்ப்பளித்துவிடுவர். அந்த வழக்கை இன்று நான் விசாரிக்கப் புகவில்லை. விளையாட்டுக்கென்று அமைத்த கணினி ஒன்று நிலையின்றித் தடுமாறும்போது, அதன் குறையை எவ்வாறு தேடிக் காண்பது என்பதே என் பேச்சின் பொருள். அதிலும், ஒரே பெட்டியில் இரண்டு கிராபிக்ஸ் அட்டைகளைப் பூட்டிய கணினியையே எடுத்துக்கொள்கிறேன். இவ்வகைக் கணினிகள் இன்று புதிதாக அமைக்கப்படுவது அரிது. ஆயினும் பழைய அட்டைகள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. இரண்டை வாங்கிப் பூட்டினால் இரட்டிப்பு வேகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவற்றோடு கைமாறுகின்றது. அந்த நம்பிக்கைக்குத் தம் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, பின்னர் திருத்துவதற்கென்று கடனும் வாங்கும் இளைஞர்கள் உளர். ஆதலால் இது பேசத்தக்க பொருளே.

கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலை அதிபராய் இருக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அதிபரின் மேசைக்கு முன் நாள்தோறும் வந்து நிற்பது பிணக்கு. இரு மாணவர் சண்டையிட்டு வந்தால், இருவரையும் ஒருங்கே நிறுத்தி விசாரிப்பதாற் பயனில்லை; ஒருவர் சொல்லை மற்றவர் மறிப்பார். தனித்தனியே அழைத்து, ஒரே கேள்வியை ஒரே வகையிற் கேட்டால், உண்மை தானாக வெளிப்படும். இரட்டை அட்டைக் கணினியை ஆராயும் முறையும் பெரும்பாலும் இதுவேயாகும்.

முதலில், கிராபிக்ஸ் அட்டை என்பது யாது என்று பார்ப்போம். திரையில் நாம் காணும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாய் விரைந்து வரும் அசையாப் படங்களின் வரிசையன்றி வேறில்லை. சினிமாவிற் செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்னமே எடுத்து வைக்கப்பட்டவை. கணினி விளையாட்டிலோ, ஆடுபவர் கையசைவுக்கேற்ப ஒவ்வொரு படமும் அந்தக் கணத்திலேயே வரையப்படல் வேண்டும். அவ்வாறு வரையும் வேலைக்கென்றே அமைந்த உறுப்புத்தான் கிராபிக்ஸ் அட்டை. செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்தை வரைவதற்கு அட்டைக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி செக்கன் மாத்திரமே.

ஓர் அட்டைக்குப் பளு அதிகமென்றால் இரண்டு அட்டைகளை ஏன் பூட்டக்கூடாது என்ற எண்ணம் புதியதன்று. 1998 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் திரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் வூடூ 2 அட்டைகள் இரண்டை இணைத்து, ஓர் அட்டை திரையின் ஒற்றை வரிகளையும் மற்ற அட்டை இரட்டை வரிகளையும் வரையுமாறு செய்தது. அந்நிறுவனத்தின் உடைமைகள் பின்னர் என்விடியா நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2004 இல் என்விடியா, எஸ்.எல்.ஐ. என்ற அதே சுருக்கப் பெயரில் வேறொரு முறையை வெளியிட்டது. 2005 இல் ஏ.ரி.ஐ. நிறுவனம் கிராஸ்பயர் என்ற பெயரில் தன் முறையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டில் அந்நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கிக்கொண்டது.

இப்புதிய முறைகளிற் பெரிதும் கையாளப்பட்டது மாறிமாறி வரைதல். முதலாம் படத்தை ஓர் அட்டை வரையும். இரண்டாம் படத்தை மற்ற அட்டை வரையும். மூன்றாவது படம் மீண்டும் முதல் அட்டைக்கு வரும். ஓர் உரலில் இரு பெண்கள் நின்று மாறிமாறி நெல் குற்றுவதை மூத்த தலைமுறையினர் கண்டிருப்பர். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளின் உலக்கை ஏறும். அங்கே இரட்டிப்பு வேலை நடப்பது இருவர் கைவலிமையால் மாத்திரமன்று. இருவருக்கும் இடையே உள்ள தாளத்தால் என்க. தாளம் கெட்டால், வலிமை இருந்தும் உலக்கையோடு உலக்கை மோதும்.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுவோம். 8 கிகாபைற்று நினைவகமுள்ள அட்டைகள் இரண்டைப் பூட்டினால் 16 கிகாபைற்று கிடைக்கும் என்று பலர் கருதுவர். மாறிமாறி வரையும் முறையில் அவ்வாறன்று. இரண்டு அட்டைகளும் ஒரே காட்சியையே வரைகின்றன. ஆதலால், அக்காட்சிக்கு வேண்டிய பொருள் முழுவதையும் ஒவ்வோர் அட்டையும் தன்னகத்தே வைத்திருத்தல் வேண்டும். விளையாட்டுக்குக் கிடைப்பது 8 கிகாபைற்று அளவுதான்.

இனி ஓர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். எம் பாடசாலையிற் படித்து, இப்பொழுது வாகனத் திருத்தகம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஜி.ரி.எக்ஸ். 1070 என்னும் அட்டைகள் இரண்டைப் பழையனவாக வாங்கிப் பூட்டியிருந்தார். என்விடியா நிறுவனம் 2016 இல் வெளியிட்ட அட்டை அது. ஒவ்வொன்றும் 150 வாற்று மின்வலுவைக் கொள்ளும்படி அமைந்தது. அவர் ஆடியது, 2015 இற் கணினிக்கு வந்த ‘கிராண்ட் தெப்ட் ஓட்டோ’ விளையாட்டின் ஐந்தாம் பாகம். இரட்டை அட்டைகளை ஏற்றுக்கொள்ளும் விளையாட்டே அது. “சேர், எண்ணிக்கை நூறு காட்டுது, கண்ணுக்கு முப்பது மாதிரித் தெரியுது” என்பது அவர் முறைப்பாடு. சில வேளைகளில் எண்ணிக்கையும் விழுந்துவிடும் என்றார். சில வேளைகளில் திரை கறுத்துவிடும் என்றார்.

நண்பர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லியிருந்தனர். விண்டோஸைப் புதிதாக நிறுவு என்றார் ஒருவர். நினைவகத்தை மாற்று என்றார் மற்றொருவர். 1000 வாற்று மின்வழங்கி வாங்கினாலன்றித் தீராது என்றார் மூன்றாமவர். இளைஞர் மூன்றாம் மருந்தை நம்பி, தாயாரின் சீட்டுப் பணத்திலிருந்து கடனும் கேட்டிருந்தார்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே: “திருத்தகத்துக்கு ஒரு வாகனம் வருகிறது. ஓட்டத் தொடங்கியவுடனே உதறுகிறதா, சூடேறிய பின் உதறுகிறதா, மேட்டில் ஏறும்போது மாத்திரம் உதறுகிறதா என்று கேளாமல் நீர் என்ஜினைக் கழற்றுவீரா?” கழற்றமாட்டேன் என்றார். அவ்வாறாயின் கணினியையும் அப்படியே விசாரித்து, மூன்று மாலைப் பொழுதுகளில் என்ன நடக்கின்றது, எத்தனையாவது நிமிடத்தில் நடக்கின்றது என்று ஒரு கொப்பியில் எழுதிவரும்படி சொன்னேன். வெப்பநிலை, கடிகார வேகம், ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்ய எம்.எஸ்.ஐ. ஆப்டர்பேர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு.

கொப்பி வந்தது. பார்த்தால், நோய் ஒன்றன்று, மூன்று. காட்சி வெட்டி வெட்டி அசைவது முதல் நிமிடத்திலிருந்தே இருந்தது. எண்ணிக்கை நூறிலிருந்து எழுபதுக்கு விழுவது ஏறத்தாழ இருபதாம் நிமிடத்தின் பின்னரே நேர்ந்தது. திரை கறுப்பதற்கு நேரம் குறிக்க முடியவில்லை. அதிலும் இருவகை இருந்தது. சில தடவை திரை கறுத்து மீண்டு, இயக்கி மென்பொருள் செயலிழந்து மீண்டது என்ற அறிவித்தல் வந்தது. இரு தடவை கணினி முழுவதும் அணைந்து மீண்டும் தொடங்கியது. இவை அனைத்தையும் “கணினி சரியில்லை” என்ற ஒரே சொல்லால் அழைத்தமையாலேதான், நண்பர்களின் மருந்துகளும் குறி தவறின.

குறை காண்பதில் முதல் விதி, ஒரு தடவைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றுவது. இரண்டை ஒன்றாக மாற்றிக் குணம் கண்டால், எது குணமாக்கியது என்பது தெரியாது. குணம் காணாவிட்டால், ஒன்று நன்மை செய்ய மற்றது கெடுத்ததோ என்பதும் தெரியாது. இரண்டாவது விதி, செலவில்லாத சோதனையை முதலிற் செய்வது. மூன்றாவது விதி, ஒவ்வொரு சோதனைக்கும் விளையாட்டின் அதே காட்சியை, அதே அளவு நேரம் ஓட்டிப் பார்ப்பது. வினாத்தாளை மாற்றிக்கொண்டு இரு மாணவரை ஒப்பிடுவது நீதியன்று அல்லவா?

இளைஞர் தம் அட்டைகளின் கடிகார வேகத்தை ஒரு மென்பொருளால் உயர்த்தி வைத்திருந்தார். முதலில் அதை நீக்கி, தொழிற்சாலை அளித்த நிலைக்குக் கொண்டுவரச் செய்தேன். விண்டோஸ், அட்டையிடம் கொடுத்த வேலைக்குச் சாதாரணமாக 2 செக்கன் அளவே பொறுத்திருக்கும். அதற்குள் மறுமொழி வராவிட்டால், அட்டை உறைந்துவிட்டது என்று கொண்டு, இயக்கி மென்பொருளை மீளத் தொடங்கும். திரை கறுத்து மீள்வது அதனாலேதான். தாங்கக்கூடிய வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்ட அட்டை இவ்வாறு உறைவது இயல்பு. வேகத்தைக் குறைத்த பின்னர் அந்த அறிவித்தல் வரவில்லை. வந்திருக்குமாயின், அடுத்த படி பழைய இயக்கி மென்பொருளைத் துடைத்து அகற்றுவது. அதற்கென்றே டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்னும் கருவி உண்டு. விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் திறந்து, அக்கருவியாற் பழையதை நீக்கிப் புதியதை நிறுவுதல் முறை.

அடுத்துத் தனித்தனி விசாரணை. சுவரிலுள்ள ஆளியை அணைத்து, மின்வடத்தையும் பிடுங்கிய பின்னர், ஓர் அட்டையைக் கழற்றினார். எஞ்சிய அட்டையோடு அரை மணி நேரம் ஆடினார். பின்னர் அதே பொருத்துவாயில், அதே மின்வடத்தில், மற்ற அட்டையை வைத்து ஆடினார். அட்டை மாறும்போது பொருத்துவாயும் மாறினால், குற்றம் அட்டையிலா பலகையிலா என்று கூற இயலாது. ஆதலால் இடத்தை மாற்றலாகாது. இரண்டு அட்டைகளும் தனித்து நின்றபோது குறையின்றி நடந்தன. பின்னர் தாய்ப்பலகையின் இரண்டாம் பொருத்துவாயில் ஓர் அட்டையைத் தனியே வைத்துப் பார்த்தபோதும் குறையில்லை. இரு பிள்ளைகளும் தனித்தனியே நல்லவர்கள், சேரும்போதே சண்டை. எனவே, எந்தப் பொருளை மாற்றுவது என்ற கேள்வி மறைந்து, சேர்க்கையில் என்ன நேர்கிறது என்ற கேள்வி பிறந்தது.

சேரும்போது நேர்வனவற்றுள் முதலாவது வெப்பம். நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாக அமைகின்றன. மேலட்டையின் விசிறி, கீழட்டையின் சூடான முதுகைப் பார்த்தவாறு, அங்கிருந்தே காற்றை இழுக்கின்றது. ஆதலால், ஒரே வகை அட்டைகளாயினும் மேலே உள்ளது கூடுதலாகச் சூடேறும். இளைஞரின் பதிவில் மேலட்டை இருபதாம் நிமிடத்தில் 83 பாகை செல்சியஸைத் தொட்டது; கீழட்டை 70 பாகை அளவில் நின்றது. 83 பாகையை அணுகியதும் மேலட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்தது. மாறிமாறி வரையும் முறையில் ஒன்று தளர்ந்தால் மற்றதும் அதற்காகக் காத்திருத்தல் வேண்டும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால், மற்ற மாட்டின் பலத்தால் வண்டி விரைவதில்லை.

இதைச் சோதிக்கவும் செலவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறி ஒன்றை எதிரே வைத்து ஓட்டினார். மேலட்டையின் சூடு தணிந்தது, எண்ணிக்கை விழவில்லை. குற்றவாளி வெப்பமே என்பது உறுதியாயிற்று. இது சோதனையேயன்றி மருந்தன்று. மருந்தாக, விசிறிகளிலும் வெப்பத் தகடுகளிலும் படிந்த தூசியைத் துடைத்தார்; பழைய அட்டைகளாதலின் உள்ளே காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினார்; பெட்டியின் முன்புறத்தில் ஒரு விசிறியைச் சேர்த்தார்; சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு முழம் தள்ளிவைத்தார். நம் நாட்டில் அறையின் வெப்பநிலையே பகலில் 30 பாகையைத் தாண்டும். குளிர்நாட்டு அறையொன்றில் 22 பாகையில் அளந்த கணக்கு இங்கே செல்லாது. அறை எத்தனை பாகை சூடோ, ஏறத்தாழ அத்தனை பாகை அட்டையிலும் ஏறும்.

இரண்டாவது மின்சாரம். கணினி முழுவதும் அணைந்து மீள்வது, பெரும்பாலும் மின்வழங்கியின் பக்கத்தையே காட்டும். அவரிடம் இருந்தது 650 வாற்று மின்வழங்கி. அட்டைகள் இரண்டுக்கும் 300 வாற்று. மத்திய செயலகம் முதலிய ஏனையவற்றுக்கு 150 வாற்று என்று தாராளமாகவே வைத்தாலும், கூட்டுத்தொகை 450. எனவே, 1000 வாற்று வேண்டும் என்ற கூற்றுக்குக் கணக்கில் இடமில்லை. அவ்வாறாயின் அணைவது ஏன்? மின்வடங்களைப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. மின்வழங்கியிலிருந்து வரும் ஒரே வடத்தின் நுனியில் இரு தலைகள் இருந்தன. ஒரு தலை ஓர் அட்டைக்கும் மற்றத் தலை மற்ற அட்டைக்கும் கொடுக்கப்பட்டிருந்தன.

தாய்ப்பலகையின் பொருத்துவாய் வழியாக ஓர் அட்டைக்கு 75 வாற்று வரையும், எட்டு ஊசி வடத்தின் வழியாக 150 வாற்று வரையும் கொடுக்கலாம் என்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் விதி. அட்டையின் தேவை ஒரே சீராய் இருப்பதில்லை. கணநேரம் திடீரென உயர்ந்து தாழும். இரு அட்டைகளின் உயர்வும் ஒரே கணத்தில் ஒரே வடத்தில் விழுந்தால், வடத்தின் நுனியில் வோல்ற்றளவு தாழ்ந்து கணினி அணைந்துவிட இடமுண்டு. ஒரு குழாயில் இரு வீட்டார் ஒரே வேளையில் நீர் பிடித்தால் இரு வீட்டிலும் நீர் மெலிவதை ஒக்கும் இது. மின்வழங்கியோடு வந்த மற்றொரு வடம் பெட்டிக்குள்ளேயே பயன்படாமற் கிடந்தது. அட்டைக்கு ஒரு வடமாகக் கொடுத்த பின்னர், கணினி அணைவது நின்றது. கடன் வாங்கி முடிக்க இருந்த வேலை, கிடந்த வடமொன்றால் முடிந்தது.

மின்வழங்கியின்மேல் ஒட்டியுள்ள எண் மாத்திரம் சான்றன்று என்பதையும் சொல்லவேண்டும். தரம் குறைந்ததும் பல்லாண்டு உழைத்துத் தேய்ந்ததும் எழுதிய அளவைக் கொடாமற் போகலாம். வேறொருவரிடம் நல்லதொன்றை ஒரு மாலைக்கு இரவல் வாங்கிப் பார்த்தால் அது தெளிவாகும். ஆனால், எக்காரணம் கொண்டும் மின்வழங்கியின் மூடியைத் திறத்தலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் உள்ளே கொள்ளளவிகளில் உயிருக்கு ஊறு செய்யத்தக்க மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, அட்டைகளுக்கிடையே உள்ள தொடர்பு. இரண்டையும் இணைக்கும் பாலம் இறுகப் பொருந்தியிருக்கின்றதா என்று கழற்றி மாட்டிப் பார்க்கவேண்டும். தாய்ப்பலகை இரண்டு அட்டைகளுக்கும் போதிய பாதைகளைக் கொடுக்கின்றதா என்றும் பார்க்கவேண்டும். சாதாரணக் கணினிகளில், கிராபிக்ஸ் அட்டைக்கென்று உள்ள 16 பாதைகள் இரண்டாய்ப் பிரிந்து எட்டெட்டாக வரும், எஸ்.எல்.ஐ. முறைக்கு ஒவ்வோர் அட்டைக்கும் எட்டேனும் வேண்டும். ஜி.பி.யூ-ஸெட் என்னும் சிறு மென்பொருள் இதனைக் காட்டும். இளைஞரின் கணினியில் இவையிரண்டும் சரியாகவே இருந்தன.

இவ்வளவும் செய்த பின் திரை கறுக்கவில்லை, எண்ணிக்கையும் விழவில்லை. ஆனால் முதல் முறைப்பாடு அப்படியே நின்றது. எண்ணிக்கை நூறு, கண்ணுக்கு வெட்டி வெட்டி அசைவு. இதற்கு விடை அட்டையிலன்று. எண்ணிக்கை என்ற சொல்லில் உண்டு.

இரண்டு வகுப்புகளின் சராசரிப் புள்ளி 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் எல்லா மாணவரும் 45 இற்கும் 55 இற்கும் இடையே பெற்றிருக்கின்றனர். மற்ற வகுப்பிற் பாதிப் பேர் 90, பாதிப் பேர் 10. சராசரி ஒன்றே, வகுப்புகள் ஒன்றல்ல. சராசரியை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையும் அதிபர், பத்துப் புள்ளி பெற்ற பிள்ளைகளைக் கைவிட்டவராவார். செக்கனுக்கு 60 படம் என்பதும் இத்தகைய சராசரியே. ஒவ்வொரு படமும் 16.7 மில்லி செக்கன் இடைவெளியில் வந்தாலும் கணக்கு 60. ஒரு படம் 5 மில்லி செக்கனிலும் அடுத்த படம் 28 மில்லி செக்கனிலும் மாறிமாறி வந்தாலும் கணக்கு ஏறத்தாழ 60. பின்னதில், இரு உலக்கைகள் அடுத்தடுத்து விழுந்துவிட்டு நெடுநேரம் உரல் வெறுமையாய் நிற்பது போலாகும். குத்துகளின் தொகை குறையவில்லை, தாளம் கெட்டது. கண் தொகையை எண்ணுவதில்லை, தாளத்தையே உணர்கின்றது.

இதனை ‘மைக்ரோ ஸ்டட்டர்’ என்பர், நுண்திக்கல் எனலாம். 2011 ஆம் ஆண்டில் த ரெக் ரிப்போர்ட் என்னும் அமெரிக்க வெளியீட்டில் ஸ்கொட் வாசன் என்பவர், செக்கனுக்கு எத்தனை படம் என்று எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் என்று அளக்கும் முறையை முன்வைத்து எழுதினார். 2013 மார்ச்சில் என்விடியா, திரைக்கு வரும் படங்களின் இடைவெளியை அளக்கும் எஃப்கற் என்னும் முறையை வெளியிட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ.எம்.டி., இரு அட்டைகளின் படங்களைச் சீரான இடைவெளியில் அனுப்பும் ஏற்பாட்டைத் தன் இயக்கி மென்பொருளிற் சேர்த்தது. ஆயினும், மாறிமாறி வரையும் முறையை விட்டு இக்குறை முற்றாக நீங்கியதில்லை.

இளைஞர் விளையாட்டின் உச்ச எண்ணிக்கையை 60 என்று கட்டிவைத்தார். நூறுக்கு ஓடிய அட்டைகள் 60 இல் நிதானித்தன. முன்னரே வரைந்து முடித்த அட்டை தன் முறைவரும் வரை காத்து நின்றது. இடைவெளி பெரிதும் சீராயிற்று. எண்ணிக்கையைக் குறைத்துக் கண்ணுக்கு நன்மை பெற்றார். வெப்பமும் மேலும் தணிந்தது.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் வேறுபாடு வருகின்றது. கெட்டுப்போனது வேறு, இயல்பே அவ்வாறானது வேறு. உயர்த்திய வேகம், தூசி, ஒற்றை வடம் ஆகியவை கேடுகள். தேடினாற் கிடைக்கும், கிடைத்தால் தீரும். நுண்திக்கல் அந்த அமைப்பின் இயல்பு; அதைத் தணிக்கலாம், தீர்க்க இயலாது. கேட்டைத் திருத்தச் செலவிடுவது முறை. இயல்பைத் திருத்தச் செலவிடுவது, ஓட்டைப் பானையை நிரப்பப் பெரிய வாளி வாங்குவது போன்றது.

அதனோடு காலமும் இம்முறையைக் கடந்துவிட்டது. இக்காலத்து விளையாட்டுகள் பல, முன் வரைந்த படத்திலிருந்து செய்தியை எடுத்தே அடுத்த படத்தைச் செம்மை செய்கின்றன. முதல் அட்டை முடிக்கும் வரை இரண்டாம் அட்டை காத்திருக்க நேர்ந்தால், மாறிமாறி வரைவதாற் பயன் யாது? 2015 இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, பல அட்டைகளைக் கையாளும் பொறுப்பை விளையாட்டை ஆக்குவோரிடமே விட்டது; அப்பொறுப்பை ஏற்றோர் சிலரே. ஆர்.ரி.எக்ஸ். 30 வரிசையில் 2020 இல் வந்த அட்டைகளுள், 3090 என்ற ஒன்றுக்கு மாத்திரமே இணைப்பு வாய் இருந்தது. 2021 சனவரி முதலாம் நாளிலிருந்து, பழைய அட்டைகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. ஏற்பாடுகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்தியது. 2022 இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 4090 இல் இணைப்பு வாயே இல்லை. ஆதலால் அண்மைக்கால விளையாட்டு ஒன்றில் இரண்டாம் அட்டை வாளாவிருந்தால் அது பழுதன்று. அந்த விளையாட்டுக்கு இரட்டை முறையை அணைத்து, ஒற்றை அட்டையில் ஆடுவதே நலம்.

அவ்வாறாயின் இரண்டாம் அட்டை குப்பைக்கா என்று கேட்கலாம். அன்று. முப்பரிமாண ஓவியம் ஆக்கும் புளெண்டர் போன்ற மென்பொருள்கள், பாலமோ எஸ்.எல்.ஐ. முறையோ இன்றியே பல அட்டைகளுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுக்கும். அங்கே செக்கனுக்கு அறுபது என்ற தாளம் இல்லை. வேலை முடிந்தாற் போதும். ஓர் உரலில் இரண்டு உலக்கைகள் விழுவதற்குத் தாளம் வேண்டும். இரண்டு உரல்களில் இரண்டு உலக்கைகள் விழுவதற்கு அது வேண்டியதில்லை. அந்த இளைஞரின் தங்கை இத்தகைய ஓவியம் பயில்கின்றார். இரண்டாம் அட்டை இப்பொழுது தங்கையின் கணினியில் இருக்கின்றது. தாயாரின் சீட்டுப் பணம் அவரிடமே இருக்கின்றது.

நேயர்களே, இரட்டை அட்டைக் கணினி உங்கள் வீட்டில் இல்லாதிருக்கலாம். ஆனால், தடுமாறும் இயந்திரம் ஒன்றேனும் எல்லார் வீட்டிலும் உண்டு. தடுமாற்றத்துக்கு ஒரே பெயரிட்டு அழைக்காமல், எப்போது, எவ்வளவு நேரத்தின் பின், எந்த நிலையில் என்று பிரித்து எழுதுங்கள். உயர்த்தியதைத் தாழ்த்தி, சேர்த்ததைக் கழற்றி, இயந்திரத்தை அதன் எளிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்க்கும்போதெல்லாம் ஒரே சோதனையைச் செய்யுங்கள். கண்ட குறை கேடா, இயல்பா என்று கேளுங்கள். கேடாயின் திருத்துங்கள், இயல்பாயின் அதற்கேற்ற வேலையை அதனிடம் கொடுங்கள். கடைக்குச் செல்வது இவையெல்லாம் முடிந்த பின்னர் ஆகட்டும்.

பிள்ளைகள் கணினியோடு மல்லுக்கட்டும்போது பெற்றோர் இன்னொன்றும் செய்யலாம். “ஏன் வாங்கினாய்?” என்று கேட்பதற்கு முன், “எதை மாற்றிப் பார்த்தாய், என்ன கண்டாய்?” என்று கேட்கலாம். விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, விளையாடிக்கொண்டிருந்தபோதும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் இருக்கின்றது.